மண்ணிலிருந்து எழும் பாதரச ஆவி: ஐசோடோப்பு வைத்து ஊற்றைக் கண்டுபிடிப்பது எப்படி?

பாதரசம் சிந்திய மண்ணுக்கு மேலே காற்றை அளந்தால் கிடைப்பது ஒரே ஒரு எண்: கன மீட்டருக்கு இத்தனை நானோகிராம். எவ்வளவு என்பதை அது சொல்லிவிடும். எங்கிருந்து என்பதைச் சொல்லாது. வட அரைக்கோளத்தில் தொழிற்சாலையே இல்லாத இடத்துக் காற்றிலும் கன மீட்டருக்குச் சுமார் 1.5 நானோகிராம் பாதரசம் எப்போதும் இருக்கும். வேலிக்கு வெளியே கருவி 3 நானோகிராம் காட்டுகிறது என்று வையுங்கள். கூடுதலாக இருக்கும் 1.5 வேலிக்குள் உள்ள மண்ணிலிருந்து வந்ததா, பக்கத்தில் எரியும் குப்பையிலிருந்தா, நிலக்கரிப் புகையிலிருந்தா? அல்லது இலையும் மழையும் பல ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்ததைக் காட்டு மண் திருப்பி விடுகிறதா? இதைப் பிரித்துக் காட்டத்தான் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை மாறிய அணு வகை) அளவீடு.

தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த இடம் ஒன்றை வைத்துக்கொண்டு பேசலாம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. மண் மட்டும் அங்கேயே இருந்தது. அதைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை சுத்தம் செய்தால் போதுமா, இன்னும் கீழே போக வேண்டுமா என்ற வாதம் பல ஆண்டுகள் நடந்தது. வளாகத்துக்குக் கீழ்ச்சரிவில் பாம்பாறு சோலை. இடத்தின் உயரம் 2,000 மீட்டருக்கு மேல். சிந்தியது உலோகப் பாதரசம். இந்த முறையைக் கற்றுக்கொள்ள இப்படிப்பட்ட இடம்தான் சரியான பாடம். ஆனால் கீழே வரும் கணக்கு எண்கள் கொடைக்கானலில் அளந்தவை அல்ல. கணக்குப் போடும் முறையைக் காட்ட எடுத்துக்கொண்டவை.

ஏழு ஐசோடோப்புகள், இரண்டு எண்கள்

பாதரசத்துக்கு நிலையான ஐசோடோப்புகள் ஏழு: 196, 198, 199, 200, 201, 202, 204. அதிகம் இருப்பது 202, ஏறக்குறைய 30 சதவீதம். மிகக் குறைவு 196, வெறும் 0.15 சதவீதம். வேதியியலில் ஏழும் ஒரே பாதரசம்தான். எடையில் உள்ள வித்தியாசத்தால், ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது சில முந்திக்கொள்ளும், சில பின்தங்கும். முறத்தில் புடைக்கும்போது பதர் முன்னால் பறப்பதுபோல, ஆவியாகும்போது லேசானவை கொஞ்சம் முந்தும். வித்தியாசம் மிகச் சிறியது என்பதால் அதைச் சதவீதத்தில் சொல்வதில்லை, ஆயிரத்துக்கு இத்தனை என்று சொல்வார்கள். குறி ‰.

முதல் எண் டெல்டா-202. மாதிரியில் உள்ள 202-க்கும் 198-க்கும் இடையிலான விகிதத்தை, உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு திட்டக் கரைசலின் அதே விகிதத்தால் வகுத்து, அதிலிருந்து 1-ஐக் கழித்து, 1000-ஆல் பெருக்க வேண்டும். அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்டின் 3133 என்ற கரைசல்தான் அந்த ஒப்பீட்டு அளவுகோல். எதிர்மறை எண் வந்தால் மாதிரி லேசானது, நேர்மறை வந்தால் கனமானது.

இரண்டாவது எண்தான் பாதரசத்தின் தனிச்சிறப்பு. பெரும்பாலான மாற்றங்களில் ஐசோடோப்புகள் எடைக்குத் தகுந்தபடி ஒழுங்காகப் பிரியும். 202 இவ்வளவு நகர்ந்தால் 199 அதில் 0.252 பங்கு நகர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். சூரிய ஒளியில் நடக்கும் வினைகளில் மட்டும் ஒற்றைப்படை ஐசோடோப்புகளான 199-உம் 201-உம் இந்த ஒழுங்கை மீறும். அளந்த டெல்டா-199-இலிருந்து 0.252 மடங்கு டெல்டா-202-ஐக் கழித்தால் மிஞ்சுவதுதான் அந்த மீறல். ஆய்வகத்தார் இதைப் பேரெழுத்து டெல்டா என்பார்கள். இங்கே குழப்பம் வராமலிருக்க ‘விலகல்-199’ என்று வைத்துக்கொள்வோம். ஆவியாதலோ நுண்ணுயிர் வினையோ விலகலைப் பெரிதாகத் தொடுவதில்லை. அதனால் டெல்டா-202 வழியில் நடந்ததையெல்லாம் சுமந்து குழம்பிப் போனாலும், விலகல்-199 பிறந்த இடத்தை இன்னும் காட்டிக்கொண்டிருக்கும்.

தோராயமான எல்லைகள் இவை. சந்தையில் விற்கும் உலோகப் பாதரசமும் அதன் தாதுவான சாதிலிங்கமும் டெல்டா-202-இல் பெரும்பாலும் 0-க்கும் −1-க்கும் இடையில். விலகல் பூஜ்யத்தை ஒட்டி. தூரத்துப் பின்னணிக் காற்றில் உள்ள ஆவி டெல்டா-202-இல் பெரும்பாலும் நேர்மறை, விலகல் சுமார் −0.2. காட்டு மண் −1-க்கும் −2.5-க்கும் நடுவில், விலகல் −0.2 முதல் −0.5 வரை. இலைகள் காற்றிலிருந்து லேசான பாதரசத்தைத் தேர்ந்து உறிஞ்சுவதால்தான் காட்டு மண் இவ்வளவு லேசு.

மண்ணின் எண் வேறு, ஆவியின் எண் வேறு

புதிதாக இந்தத் துறைக்கு வருபவர்கள் மண்ணை எடுத்து டெல்டா-202 அளப்பார்கள், காற்றை எடுத்து அளப்பார்கள், இரண்டும் ஒத்துவரவில்லை என்றதும் ‘இந்த மண்ணிலிருந்து வரவில்லை’ என்று எழுதிவிடுவார்கள். தவறு. மண்ணை விட்டு வெளியேறும்போதே பாதரசம் லேசாகிவிடுகிறது. ஒப்பிட வேண்டியது மண்ணை அல்ல, மண்ணிலிருந்து கிளம்பும் ஆவியை.

எவ்வளவு லேசாகும் என்பது கிளம்பும் வழியைப் பொறுத்தது. திரவத் துளியும் அதன் மேல் உள்ள ஆவியும் சமநிலையில் இருந்தால், ஆவி துளியைவிட 0.86‰ லேசு. அதே துளியை வெற்றிடத்தில் ஆவியாக்கினால் வித்தியாசம் 6.7‰ அளவுக்குப் போகிறது. மண்ணுக்குள் துளியைச் சுற்றிக் காற்று அடைத்து நிற்பதால், இயற்கையில் நடப்பது பெரும்பாலும் முதல் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும்.

பழைய மாசில் துளி மட்டும் இருக்காது. ஒரு பகுதி ஆக்சிசனேற்றம் அடைந்து, மண்ணின் மக்கிய கரிமத்தோடு பிணைந்து கிடக்கும். அது ஆவியாக வேண்டுமென்றால் முதலில் ஒடுக்கம் அடைந்து உலோக வடிவுக்குத் திரும்ப வேண்டும். இதை நுண்ணுயிர் செய்யும், இருட்டில் கரிமப் பொருளே செய்யும், மேல்பரப்பில் வெயில் செய்யும். மூன்றிலும் வெளியேறும் ஆவி மண்ணைவிட ஏறக்குறைய 1 முதல் 2‰ வரை லேசாக இருக்கும். வெயில் வழியில் மட்டும் விலகல்-199 தெளிவாக மாறும். வெளியேறும் ஆவி பெரும்பாலும் எதிர்மறைப் பக்கம் போகும்; கந்தகம் கொண்ட கரிமத்தோடு பிணைந்திருந்தால் குறி தலைகீழாகவும் ஆகலாம். இங்கே இன்னொரு தடயம் உண்டு. விலகல்-199-ஐ விலகல்-201-க்கு எதிராக வரைந்தால், வெயிலில் நடந்த ஒடுக்கத்துக்குச் சரிவு 1.0-ஐ ஒட்டி வரும். ஆவியாதலுக்கும் இருட்டில் நடந்த ஒடுக்கத்துக்கும் 1.6-ஐ ஒட்டி வரும். ஆனால் இந்த இரண்டாவது வகையில் விலகலின் மொத்த அளவே 0.1‰ சுற்றித்தான். கருவியின் பிழையே அதில் பாதி அளவு வரும். 1.6 என்ற சரிவை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதலாம், வழக்கு நடத்த முடியாது.

களத்தில் எடுக்க வேண்டியவை

மூன்று வகை மாதிரி வேண்டும்: மண், மண்ணிலிருந்து நேராகப் பிடித்த ஆவி, காற்று. காற்றில் மேல்காற்றுப் பக்கத்தில், அதாவது காற்று வரும் திசையில், ஒன்று கட்டாயம்; அதுதான் அந்த இடத்தின் பின்னணி. புத்தகத்திலிருந்து பின்னணி எண்ணை எடுத்துப் போடுவது அடுத்த பெரிய தவறு.

மண்ணில் தொடங்கலாம். உலோகப் பாதரசம் சிந்திய இடத்தில் மாதிரியை அடுப்பில் காயவைக்கவே கூடாது. உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்துவதும் ஆபத்து. இரண்டிலும் துளிகள் ஆவியாகி, மிஞ்சுவது கனமாகிவிடும். ஈர மண்ணையே கரைத்து, ஈரப்பதத்தை வேறொரு பகுதியில் தனியாக அளந்து திருத்துங்கள். துளிகள் சீராகப் பரவியிருக்காது என்பது அடுத்த தொல்லை. 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளியின் எடை சுமார் 7 மைக்ரோகிராம். 0.2 கிராம் மண்ணில் அப்படி ஒரே ஒரு துளி விழுந்தால் முடிவு கிலோவுக்கு 35 மில்லிகிராம் என்று வரும். பக்கத்துக் கரண்டி மண்ணில் 2 என்று வரும். அதனால் ஒரு புள்ளிக்கு 5 கிராமுக்குக் குறையாமல் கரைப்பதும், மூன்று தனித்தனிப் பிரதிகள் எடுப்பதும் நல்லது. ஐசோடோப்பு எண் செறிவைப் போல இப்படித் துள்ளாது என்பது ஓர் ஆறுதல். பிரதிகளில் செறிவு பத்து மடங்கு மாறியும் டெல்டா-202 மாறாமல் நின்றால், அது ஒரே சரக்கு என்று பொருள்.

ஆவியைப் பிடிக்க மண் மேல் கவிழ்க்கும் பெட்டி வேண்டும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். வெளியேறும் செறிவிலிருந்து நுழையும் செறிவைக் கழித்து, காற்றோட்டத்தால் பெருக்கி, பெட்டி மூடும் பரப்பால் வகுத்தால் வெளியேற்ற வீதம். உதாரணத்துக்கு, பரப்பு 0.06 சதுர மீட்டர், ஓட்டம் நிமிடத்துக்கு 5 லிட்டர், அதாவது மணிக்கு 0.3 கன மீட்டர். செறிவு வித்தியாசம் 40 நானோகிராம் என்றால், சதுர மீட்டருக்கு மணிக்கு 200 நானோகிராம் வெளியேறுகிறது. இந்த வீதத்தில் பெட்டியிலிருந்து மணிக்கு 12 நானோகிராம் வரும். ஐசோடோப்பு அளவீட்டுக்குப் பொதுவாக 10 நானோகிராம் அளவாவது வேண்டும். ஆக இங்கே ஒரு மணி நேரம் போதும். மாசில்லாத மண்ணிலோ வீதம் சில நானோகிராம்தான். அங்கே இதே வேலைக்கு நாள் கணக்கில் உட்கார வேண்டும்.

பெட்டி எதனால் ஆனது என்பதைப் பலரும் விலைப்பட்டியலைப் பார்த்ததும் மறந்துவிடுகிறார்கள். பாலிகார்பனேட் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். வெயிலில் நடக்கும் ஒடுக்கம் அதற்குள் குறைந்து, விலகல்-199 உண்மையை மறைக்கும். குவார்ட்ஸ் கதிரை விடும், டெஃப்லான் தாளும் பெரும்பாலும் விடும். மூடிய பெட்டி வெயிலில் சூடேறும் என்பதையும் கவனியுங்கள். 20 டிகிரியில் பாதரசத்தின் நிறைநிலை ஆவி கன மீட்டருக்கு 13 மில்லிகிராம் சுற்றி. 30 டிகிரியில் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். பெட்டிக்குள்ளும் வெளியிலும் மண்ணின் வெப்பநிலையை எழுதிவைக்காத அளவீட்டுக்கு மதிப்பில்லை. நுழையும் காற்றைக் கரி வடிகட்டியில் சுத்தம் செய்தால் பின்னணி கலக்காது, ஐசோடோப்புக் கணக்கு எளிதாகும். ஆனால் பாதரசமே இல்லாத காற்று மண்ணிலிருந்து கூடுதலாக இழுக்கும் என்பதால், அந்த ஓட்டத்தின் வீதத்தை வெளியேற்ற வீதமாக அறிக்கையில் போடாதீர்கள். வீதத்துக்கு ஒரு ஓட்டம், ஐசோடோப்புக்கு ஒரு ஓட்டம் என்று பிரிப்பதே நல்லது. காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் வெளியேற்றம் சட்டென்று எகிறும். அன்று எடுத்த எண்ணை ஆண்டுச் சராசரியாக்கக் கூடாது.

காற்றைப் பிடிக்க இரண்டு வழி. பம்பு வைத்து குளோரின் ஏற்றிய கிளர்வூட்டிய கரி வழியே நிமிடத்துக்கு 1 லிட்டர் இழுத்தால் நாளுக்கு 1.44 கன மீட்டர். பின்னணிக் காற்றில் 10 நானோகிராம் சேர ஐந்து நாள். பம்பு வேண்டாமென்றால் மெர்பாஸ் போன்ற பம்பில்லா மாதிரிப்பான். நாளுக்குச் சுமார் 0.135 கன மீட்டருக்குச் சமமான காற்றைத்தான் அது பிடிக்கும் என்பதால், பின்னணியில் ஐம்பது நாள் ஆகும். 6 நானோகிராம் உள்ள இடத்தில் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். மின்சாரமில்லாத சரிவில் இருபது இடத்தில் ஒரே நேரத்தில் தொங்கவிடலாம் என்பது பெரிய வசதி. ஒரே எச்சரிக்கை: ஆவி பரவி உள்ளே வரும்போது லேசானது முந்துவதால், பம்பு மாதிரியைவிட டெல்டா-202 சுமார் 1‰ குறைவாகக் காட்டும். விலகல்-199 மாறாது. இரண்டு வகை மாதிரியையும் திருத்தாமல் ஒரே வரைபடத்தில் போட்டால், இல்லாத ஊற்று ஒன்று ‘கண்டுபிடிக்கப்படும்’.

மலையில் இன்னொரு விஷயம். பாதரசச் செறிவை 0 டிகிரி, கடல்மட்ட அழுத்தம் என்ற நிலைக்கு மாற்றிச் சொல்வது வழக்கம். 2,100 மீட்டர் உயரத்தில், 15 டிகிரியில், ஒரு கன மீட்டர் காற்று அந்த நிலையில் 0.74 கன மீட்டர்தான். ஓட்டமானி எதைக் காட்டுகிறது என்று தெரியாமல் கணக்குப் போட்டால் கால் பங்கு பிழை அங்கேயே நுழைந்துவிடும்.

ஆய்வகத்தில்

கரியை ஆக்சிசன் ஓட்டத்தில் மெதுவாகச் சூடாக்கி எரித்து, வரும் ஆவியை 1000 டிகிரி உலை வழியே அனுப்பி, அமிலத்தில் கரைத்த பெர்மாங்கனேட்டிலோ, நைட்ரிக் அமிலம் தூக்கலாக உள்ள ராஜ திராவகத்திலோ பிடிப்பார்கள். பெர்மாங்கனேட் என்றால் கடைசிவரை ஊதா நிறம் இருக்க வேண்டும். வெளுத்துவிட்டால் பாதரசம் தப்பிவிட்டது, மாதிரியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மீட்பு, அதாவது திரும்பக் கிடைத்த பங்கு, 90 சதவீதத்துக்குக் குறைந்தாலும் சந்தேகப்படுங்கள். வெறும் செறிவு அளவீட்டில் பத்து சதவீத இழப்பு செறிவை மட்டும் கெடுக்கும். இங்கே இழந்தது லேசான பகுதியாக இருந்தால் ஐசோடோப்பு எண்ணே நகர்ந்துவிடும்.

அளக்கும் கருவி பல சேகரிப்பான்கள் கொண்ட பிளாஸ்மா நிறை நிறமாலைமானி. கரைசலோடு ஸ்டேனஸ் குளோரைடு சேர்த்தால் பாதரசம் மட்டும் ஆவியாகிக் கருவிக்குள் போகும். ஈயம் கரைசலிலேயே தங்கிவிடுவதால் 204-இல் ஈயத்தின் தொல்லை இராது. கூடவே தாலியம் தூசித்துளியாக அனுப்பி, அதன் 205, 203 விகிதத்தை வைத்துக் கருவியின் சொந்தச் சாய்வைத் திருத்துவார்கள். ஒவ்வொரு மாதிரிக்கு முன்னும் பின்னும் 3133 திட்டக் கரைசல் ஓட வேண்டும். செறிவும் அமிலமும் மாதிரியோடு 10 சதவீதத்துக்குள் ஒத்திருக்க வேண்டும். நாளுக்குச் சில தடவை அல்மடேன் என்ற இரண்டாம் திட்டக் கரைசலையும் ஓட்டிப் பாருங்கள். அதன் டெல்டா-202 −0.56 சுற்றி வரவில்லையென்றால் அன்றைய எண் எதையும் நம்ப வேண்டாம். எல்லாம் சரியாக நடந்தால் டெல்டா-202-இல் பிழை ±0.1‰ அளவு, விலகலில் அதிலும் பாதி.

கலவையைப் பிரிக்கும் கணக்கு

மேல்காற்றுப் பக்கம் 1.5 நானோகிராம், டெல்டா-202 +0.6. கீழ்காற்றுப் பக்கம் 6 நானோகிராம், −0.9. கூடுதலாகச் சேர்ந்தது 4.5. அதன் ஐசோடோப்பு எண் என்ன? 6-ஐ −0.9-ஆல் பெருக்கினால் −5.4. அதிலிருந்து பின்னணியின் பங்கான 1.5 × 0.6 = 0.9-ஐக் கழித்தால் −6.3. அதை 4.5-ஆல் வகுத்தால் −1.4. மண்ணில் உள்ள துளிகளின் எண் −0.5 என்றால், ஆவி 0.9 லேசு. துளி ஆவியாதலின் 0.86-க்கு இது பொருந்துகிறது. பெட்டியில் பிடித்த ஆவியும் −1.4-ஐ ஒட்டி வந்தால் கூடுதல் பாதரசம் அந்த மண்ணுடையதுதான் என்று துணிந்து சொல்லலாம். பல இடங்களில் அளந்திருந்தால், செறிவின் தலைகீழியை (1 ÷ செறிவு) கிடை அச்சிலும் டெல்டா-202-ஐச் செங்குத்து அச்சிலும் வரையுங்கள். இரண்டே ஊற்று என்றால் புள்ளிகள் ஒரே கோட்டில் விழும். கோடு செங்குத்து அச்சைத் தொடும் இடமே ஊற்றின் எண். புள்ளிகள் சிதறினால் மூன்றாவது ஊற்று இருக்கிறது, அல்லது பின்னணி நாளுக்கு நாள் மாறுகிறது.

எல்லை எங்கே? அதே ஊற்று தூரத்தில் 1.8 நானோகிராமாக நீர்த்துவிட்டால், அதில் மண்ணின் பங்கு ஆறில் ஒன்று. டெல்டா-202 +0.27 ஆகும், பின்னணியிலிருந்து 0.33 மட்டுமே தள்ளி. பின்னணியே தினம் அவ்வளவு ஆடும் என்பதால் இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. காற்று மாதிரி ஊற்றுக்கு அருகில்தான் பேசும்.

தூரத்துக்கு மரங்கள் உதவும். சோலை மண் லேசாக இருப்பதைப் பார்த்து ‘தொழிற்சாலை ஆவி படிந்தது’ என்று சொல்லிவிட முடியாது. எந்தக் காட்டு மண்ணும் லேசுதான். இலை காற்றைவிட சுமார் 2.7‰ லேசாக எடுக்கிறது என்று வைத்தால், பின்னணிக் காற்றை உண்ட இலைச்சருகு −2.1 வரும், விலகல்-199 −0.2-இலோ அதற்குக் கீழோ நிற்கும். மேலே கண்ட −1.4 ஆவியை உண்ட சருகு −4 பக்கம் போகும், விலகல் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். இரண்டு எண்ணையும் சேர்த்து வரைந்தால் எது எது என்று பிரிந்துவிடும். ஒரு எண்ணை மட்டும் வைத்துப் பேசினால் ஆலையைக் குற்றம் சொல்பவரும் அதை மறுப்பவரும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

உலகில் இந்த முறை முதலில் நன்றாக வேலை செய்தது காற்றில் அல்ல, வண்டலில். ஸ்லோவேனியாவின் இத்ரியா சுரங்கத்தில் ஐந்நூறு ஆண்டு பாதரசம் எடுத்தார்கள். அங்கிருந்து ஆற்றில் இறங்கியது டிரியெஸ்டே வளைகுடா வண்டல்வரை போனதை ஐசோடோப்புகள் காட்டின. ஆவி அதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் வண்டல் நகரும்போது பெரிதாகப் பிரிவதில்லை.

இயற்கை விகிதத்தை நம்பாமல் செயற்கையாகச் செறிவூட்டிய ஐசோடோப்பைத் தூவும் வழியும் உண்டு. கனடாவின் ஒண்டாரியோவில் 658 என்ற எண் கொண்ட ஏரியில் 2001 முதல் ஏரிக்கு 202, சதுப்புக்கு 198, மேட்டுநிலத்துக்கு 200 என்று தனித்தனியாகச் சேர்த்து, எது எங்கே போகிறது என்று பார்த்தார்கள். பிரித்தறிவது மிகச் சுலபம். ஆனால் புதிதாகப் போட்ட பாதரசம் இருபது ஆண்டு கிடந்த பாதரசத்தைவிட வேகமாக வெளியேறும் என்பதால், பழைய மாசின் வீதத்தை இதிலிருந்து நேராக எடுக்க முடியாது. அதோடு, ஏற்கெனவே கெட்டுப்போன மண்ணில் இன்னும் பாதரசம் தூவ யார் அனுமதி தருவார்கள்?

சுத்திகரிப்புத் திட்டம் உள்ள இடத்தில் ஒரு வேலையைத் தள்ளிப்போடவே முடியாது. தோண்டுவதற்கு முன் எடுத்த மண்ணைக் காற்றுப்புகாத கண்ணாடிக் குப்பியில் நிரப்பி, மேலே ஈரம் உறைந்து விரியும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு, −20 டிகிரியில் வைத்துவிட வேண்டும். மண்ணைக் கழுவிச் சூடாக்கியபின் மிஞ்சும் பாதரசம் கனமாகியிருக்கும். அதை அளந்து பழைய ஆவியின் ஊற்றைத் தேட முடியாது. வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே பருவத்தில், ஒரே வகை மாதிரிப்பானால், ஒரே புள்ளிகளில் காற்றை எடுத்தால்தான், குறைந்தது மண்ணிலிருந்து வந்த பங்கா, அந்த ஆண்டின் பின்னணியா என்று பிரிக்க முடியும்.